33 வயதில் இளம் விஞ்ஞானியா?

பூச்சி, பயிர், உயிரியல் படிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை ஒருவர் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பதில் எழுதும் பகுதி.

சென்ற இதழில், உயிரியல் ஆய்வில் காலடி எடுத்து வைத்திருப்பவர்களுக்கான பரிசுகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாகத் தென்னைக்கும் தக்காளிக்கும் மருந்து கேட்டு வரும் கடிதங்களை இந்த மாதம் இந்தக் கடிதங்கள் முந்திக்கொண்டன. தக்காளிக்காரர்கள் பொறுத்தருள வேண்டும். அடுத்த மாதப் பக்கம் முழுக்க உங்களுக்கே.

கேள்வி: என் மகள் பூச்சியியலில் பிஎச்.டி. முடித்து ஒரு வருடம் ஆகிறது. இளம் விஞ்ஞானிகளுக்கான ஏதோ வெளிநாட்டுப் பரிசாம். ஆயிரம் சொல்லில் கட்டுரை அனுப்ப வேண்டுமாம். ராத்திரி பகலாக எழுதுகிறாள். அவளுக்கு 33 வயது. இந்த வயதில் என்ன இளம்? ஐந்து வருடமாக எங்கள் தோப்பில் ஓலையைக் கிழித்துக் கிழித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்கெல்லாம் யார் பரிசு தருவார்கள்? தந்தால் எவ்வளவு தருவார்கள்?
(தென்னை விவசாயி, ஆனைமலை)

பதில்: ஐயா, முதலில் வயதுக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். நாட்டுத் தென்னை நட்டு எத்தனை வருடத்தில் பாளை விடும்? ஆறு, ஏழு. நாலாம் வருடத்தில் ஒருவர் தோப்புக்குள் வந்து நின்று, "இன்னும் காய்க்கவில்லையா?" என்று கேட்டால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? மகளுடைய கணக்கையும் அப்படிப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ முடிக்கும்போது 17. நாலு வருடப் பட்டம், 21. முதுகலை, 23. நெட் தேர்வு எழுதியது, உதவித்தொகைக்குக் காத்திருந்தது, வழிகாட்டி கிடைக்கக் காத்திருந்தது என்று நடுவில் இரண்டு மூன்று வருடம். அதற்கு மேல் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம். 32 வந்துவிட்டதா? இந்தத் தொழிலில் முதல் பாளை அப்போதுதான்.

'இளம்' என்பதற்குப் பரிசுக்குப் பரிசு அளவு வேறு. நம் நாட்டில் சாந்தி சுவரூப் பட்நாகர் என்ற அறிவியல் பரிசுக்கு 45 வயது வரை இளையவர்தான் என்று வைத்திருந்தார்கள். இன்போசிஸ் பரிசுக்கு முன்பு 50 என்று வைத்திருந்தார்கள். 2024இல் 40 ஆகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், மகள் எழுதுவது 'சயன்ஸ்' என்ற அமெரிக்க ஆய்விதழும் சுவீடனில் உள்ள 'சைலைஃப்லேப்' ஆய்வு மையமும் சேர்ந்து 2013 முதல் தரும் பரிசுக்கு. அங்கே பிறந்த தேதியைக் கேட்பதில்லை. பட்டம் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, அவ்வளவுதான். செல் உயிரியல், மரபணுத் தொகுதி ஆய்வு, சூழலியல், மூலக்கூறு மருத்துவம் என்று நாலு பிரிவு. முதல் பரிசு 30,000 டாலர், நம் பணத்தில் 25 லட்சத்துக்கு மேல். மற்றப் பிரிவுகளில் வெல்பவர்களுக்குப் பத்தாயிரம் டாலர் வீதம். டிசம்பரில், நோபல் பரிசு வழங்கும் அதே வாரத்தில், ஸ்டாக்ஹோமில் விழா. முதல் பரிசுக் கட்டுரை 'சயன்ஸ்' இதழிலேயே அச்சாகும். பணத்தைவிட அதற்காகத்தான் உலகம் முழுவதும் பிள்ளைகள் தூக்கம் கெட்டு எழுதுகிறார்கள்.

இனி ஓலைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னைச் சீண்டியது, "எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்" என்ற இடம்தான். ஐந்து வருடம் உங்கள் தோப்பில் எண்ணியிருக்கிறார். என்ன எண்ணினார் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ உங்களுக்குப் புதிதல்ல. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2016இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது உங்கள் பொள்ளாச்சிப் பகுதியில்தான். அடிமட்டைகளில் வெள்ளையாக மெழுகு, அதற்குக் கீழ் மட்டைகளில் கரி பூசியதுபோலக் கரும்பூசணம், பார்த்திருப்பீர்கள். அதை அடக்க என்கார்சியா என்ற ஒரு குளவி இருக்கிறது. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர்கூட இராது. யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை; வெள்ளை ஈயின் பின்னாலேயே அதுவும் வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும். உள்ளே பிறக்கும் புழு அந்தக் குஞ்சைத் தின்று வளரும்.

இன்று சாயங்காலம் ஓர் ஓலையைக் கிழித்து அதன் அடிப்பக்கத்தை வெயிலுக்குத் திருப்புங்கள். மகளிடம் லென்ஸ் இருக்கும். மெழுகைக் கோழியிறகால் மெல்லத் தள்ளிவிட்டால், செதில்போலத் தட்டையாகக் காலிக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றின் முதுகில், இங்கிலீஷ் 'டி' எழுத்தைப்போல ஒரு கிழிசல். வெள்ளை ஈ நல்லபடியாக வளர்ந்து பறந்துபோன வாசல் அது. வேறு சிலவற்றில் ஊசியால் துளைத்ததுபோல வட்டமாக ஓர் ஓட்டை. அங்கிருந்து வெளியே வந்தது குளவி. நூறு கூட்டில் எத்தனை கிழிசல், எத்தனை ஓட்டை என்று எண்ணினால், அந்தத் தோப்பில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மருந்தடித்த தோப்பில் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, ஊடுபயிர் போட்ட இடத்தில் எவ்வளவு என்று வருடக்கணக்கில் எண்ணினால், மருந்துக்கு நீங்கள் செலவழிக்கும் பணம் மிச்சமாகுமா ஆகாதா என்று ஒருவரால் சொல்ல முடியும். அதைத்தான் எண்ணியிருப்பார். கட்டுரை முடிந்ததும் வாங்கிப் படியுங்கள். இங்கிலீஷ் வராது என்றால் அவரையே தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தோப்புக்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வந்துவிட்டால், ஸ்டாக்ஹோம்காரருக்கும் சொல்ல வந்துவிடும்.

கேள்வி: ஆய்வின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பரிசு விண்ணப்பங்களில் "உங்கள் பங்களிப்பை விளக்குக" என்ற பகுதியைப் பார்த்தாலே கை நின்றுவிடுகிறது. என் பெருமையை நானே எழுதுவதா? வழிகாட்டியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அவராகத் தரட்டும் என்று இருந்துவிடலாமா?
(ஆராய்ச்சி மாணவி, பெருந்துறை)

பதில்: கண்ணு, இருந்துவிடாதீர்கள். அவராகத் தரமாட்டார். நான் 34 வருடம் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், சொல்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. விடைத்தாள் கட்டு, துறைக் கூட்டம், வீட்டில் மாமியாருக்கு மூட்டுவலி, நடுவில் உங்கள் பரிசின் கடைசித் தேதி எங்கே நினைவிருக்கப் போகிறது?

உங்கள் ஊரை வைத்தே பதில் சொல்கிறேன். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் சொல்லிக்கொள்கிறோம். அந்த நன்னூல் பாயிரத்திலேயே, புலவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ள நாலு இடங்களில் அனுமதி உண்டு. அரசவைக்கு ஓலை அனுப்பும்போது, தம் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்போது, சபையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தம்மைப் பழிக்கும்போது. பரிசு விண்ணப்பம் முதல் இரண்டும் சேர்ந்தது. அரசவைக்குப் போகும் ஓலை. படிப்பவருக்கு உங்களை யாரென்றே தெரியாது. 13ஆம் நூற்றாண்டிலேயே இலக்கணம் அனுமதித்துவிட்ட காரியத்துக்கு இன்று நீங்கள் ஏன் கூசுகிறீர்கள்?

அதற்காகப் பெருமை பேச வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. செய்ததைச் செய்தவர் பெயரோடு சொன்னால் போதும். நம் பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் படித்துப் பாருங்கள். "மாதிரிகள் சேகரிக்கப்பட்டன." "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது." "முடிவுகள் கண்டறியப்பட்டன." யார் சேகரித்தார்கள்? பேய் பிசாசா? தமிழிலும் சரி, இங்கிலீஷிலும் சரி, இந்தப் 'பட்டது' வாக்கியத்துக்குள் ஆள் ஒளிந்துகொள்ள வசதி அதிகம். பரிசுக் குழு தேடுவதோ அந்த ஆளைத்தான். ஒரு கட்டுரையில் ஏழு பேர் பெயர் இருக்கும். கேள்வி யாருடையது, எண்ணியது யார், கணக்கில் தவறு இருப்பதைக் கண்டுபிடித்தது யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆகவே, "எண்ணினேன்" என்று எழுதுங்கள். "என் வழிகாட்டி இந்தப் பூச்சியைக் காட்டினார், எறும்பையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைத்தது நான்" என்று எழுதுங்கள். தமிழில் ஒரே ஒரு 'ஏன்' விகுதி போதும், அடக்கத்துக்கு எந்தப் பங்கமும் வராது.

எறும்பு என்று சும்மா சொல்லவில்லை. என் மாணவி ஒருவர் கதை அது. என் தவறு, பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. இரண்டு வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. பட்டுப்புழு வளர்த்த குடும்பங்கள் மல்பெரியை வேரோடு பிடுங்கிப்போட்டதை இந்த ஊரிலேயே பார்த்தேன். 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதத்தில் பூச்சி அடங்கிப்போனது. உலகமே குளவியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என் மாணவி செடியின் தண்டில் ஏறும் எறும்பைப் பார்த்தார். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். அப்படியானால் குளவிக்கு என்ன ஆகும்? பாதிச் செடிகளின் தண்டில் கிரீஸ் தடவிய துணிப்பட்டை கட்டினார், மீதியை அப்படியே விட்டார், வாரா வாரம் எண்ணினார். நான் சொல்லிச் செய்ததல்ல. பட்டை கட்டிய பிறகுதான் எனக்கே தெரியும்.

இளையவர்களுக்கான பரிசு ஒன்றுக்கு என்னிடம் கடிதம் கேட்டார். மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு சாயங்காலம், நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். "இவர் என்னிடம் ஐந்தாண்டுகள் ஆய்வு செய்தார். நேரம் தவறாதவர். பணிவானவர். ஒழுக்கத்தில் சிறந்தவர். இவருக்குப் பரிசு வழங்கப் பரிந்துரைக்கிறேன்." எறும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிரீஸ் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரிசும் இல்லை.

சில வருடம் கழித்து நானே ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்தேன். டீயும் மிக்சரும் வந்த நேரத்தில், உறுப்பினர் ஒருவர் ஒரு பரிந்துரைக் கடிதத்தை உரக்கப் படித்தார். பணிவானவர், ஒழுக்கமானவர், பெரியோரை மதிப்பவர். "இது நமக்கு எழுதியதா, மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதியதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்புறம் டீ இறங்கவில்லை.

அந்த மாணவி இப்போது வேறு வேலையில் இருக்கிறார். தீபாவளிக்குத் தவறாமல் பேசுவார். கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே வழிகாட்டியிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு மாதம் முன்பே போங்கள். அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைக் கையில் கொடுங்கள்: நான் கேட்ட கேள்வி இது, செய்தது இது, எதிர்பாராமல் வந்தது இது. பரிசின் பெயரும் கடைசித் தேதியும் மேலே பெரிய எழுத்தில். பத்து நாளுக்கு ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். முறைத்தால் முறைக்கட்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய பட்நாகர் பரிசுக்கு ஆய்வு நிறுவனத் தலைவர், துணைவேந்தர் போன்ற ஒருவர் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்கார் என்ற தேசிய விருதுக்கு நீங்களே உங்கள் பெயரை இணையத்தில் முன்மொழியலாம். பவணந்தியார் பேச்சை மத்திய அரசே கேட்டுவிட்டது.

கேள்வி: தனியார் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். "சிறந்த இளம் விஞ்ஞானி விருதுக்குத் தேர்வாகியுள்ளீர்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. பதிவுக் கட்டணம் 3,500 ரூபாய் கட்டினேன். ஓட்டல் ஒன்றில் விழா நடத்திக் கேடயம் கொடுத்தார்கள். அன்று மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வாங்கினோம். இதை என் பணிக் குறிப்பில் சேர்க்கலாமா?
(உதவிப் பேராசிரியர், நாமக்கல்)

பதில்: தம்பி, சேர்க்காதீர்கள். விண்ணப்பமே போடாதவர் எப்படித் தேர்வாக முடியும்? அந்த மின்னஞ்சல் வந்த அன்றே உங்களுக்கு இது தோன்றியிருக்கும். இருந்தாலும், யாரோ நம்மைக் கவனித்துவிட்டார்கள் என்ற சந்தோஷம் அறிவை மறைத்துவிடும். வருடம் முழுக்க ஒருவரும் "நன்றாகச் செய்தாய்" என்று சொல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களைத்தான் இந்தக் கூட்டம் குறிவைக்கிறது. உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விருது எண்ணிக்கையைக் கேட்டு மதிப்பெண் போடும் நிர்வாகங்களையும், அந்தப் புகைப்படத்தைத் தட்டியில் போட்டு மாணவர் சேர்க்கைக்குப் பயன்படுத்தும் கல்லூரிகளையும் வேண்டிய மட்டும் குறை சொல்லலாம்.

உண்மையான பரிசு உங்களிடம் பணம் கேட்காது; அது பணம் தரும், அல்லது பதக்கம் தரும். தேர்வுக் குழுவில் யார் யார் என்று வெளியே தெரியும். போன வருடம் வாங்கியவர் பெயரும், அவர் எதற்காக வாங்கினார் என்ற ஒரு வரியும் இருக்கும். இந்திய தேசிய அறிவியல் கழகம் 1974 முதல் இளம் விஞ்ஞானிகளுக்குப் பதக்கம் கொடுத்தது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் என்ன வேலை என்று எடுத்துக் காட்ட முடியும். உங்கள் கேடயத்தில் என்ன எழுதியிருக்கிறது? "கல்வி மற்றும் ஆராய்ச்சியில் சிறந்த சேவைக்காக" என்றிருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

3,500 ரூபாய் போனது போகட்டும். நல்ல தேர்வுக் குழுவில் இந்தக் கேடயத்தின் பெயரைப் பார்த்தால் மற்றத் தகுதிகளையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். அந்த நஷ்டம் பெரிது. எங்கள் தெருவில் ஒருவர் தம்முடைய கேடயத்தைக் காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். நல்ல கனமான மரம்.

கேள்வி: இந்தப் பரிசெல்லாம் பெங்களூர், டில்லி, பம்பாய் ஆட்களுக்குத்தானே? நம் பக்கத்திலிருந்து யார் வாங்கியிருக்கிறார்கள்?
(முதுகலை மாணவர், உடுமலைப்பேட்டை)

பதில்: பாதி உண்மை. பட்டியலை எடுத்தால் பெரிய ஆய்வு நிறுவனங்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். அங்கே கருவி இருக்கிறது, பணம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, முன்மொழியத் தெரிந்த ஆட்கள் அடுத்த அறையிலேயே இருக்கிறார்கள். இங்கே ஒரு துறைத் தலைவர் தம் ஆயுளில் ஒருவரைக்கூட முன்மொழியாமல் ஓய்வு பெற்றுவிடுவார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். உயிரியலுக்கான பட்நாகர் பரிசை 1960இல் வாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயிர்நோய் ஆராய்ந்த டி.எஸ்.சதாசிவன். அடுத்த வருடம் எம்.எஸ்.சுவாமிநாதன்; அப்போது அவருக்கு 36 வயது. வேலை டில்லியில்தான். ஆனால் வேளாண்மை படித்தது எங்கே? கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில். 1983இல் அதே பரிசை வாங்கியவர் சென்னையில் பிறந்த உயிர்வேதியியலாளர் கோவிந்தராஜன் பத்மநாபன். 2024 ஆகஸ்டில் ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்காரின் உச்ச விருதான விஞ்ஞான் ரத்னாவை முதன்முதலாகக் கொடுத்தார்களே, அவரேதான், 86 வயதில்.

பரிசு வராத கதையும் இந்த ஊருக்கு உண்டு. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. தடித்த இனிப்புக் கரும்பையும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் சேர்த்து அங்கே உருவாக்கிய 'கோ 205' ரகம் 1918இல் வெளிவந்தது. கோ என்றால் கோயம்புத்தூர். 1930களில் அந்த நிலையத்தில் ஜானகி அம்மாள் வேலை பார்த்தார். தலச்சேரிக்காரர், அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்துபார்க்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அன்று இங்கே அவரை யாரும் 'இளம் விஞ்ஞானி' என்று மேடையேற்றவில்லை. இங்கிலாந்துக்குப் போய், 1945இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். பத்மஸ்ரீ வந்தது 1977இல். வயது 79. பிற்பாடு அவர் பெயரிலேயே மத்திய அரசு, உயிரினங்களை இனம் பிரிக்கும் வகைப்பாட்டியலுக்கு விருது ஏற்படுத்தியது. கோவைக்குப் போனால் அந்தக் கரும்பு நிலையத்துச் சாலையில் ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பரிசுப் பணத்தை வைத்து வீடு கட்ட முடியுமா? கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.
(வங்கி ஊழியர், காங்கேயம்)

பதில்: கிண்டலாக இருந்தாலும் பதில் உண்டு. பழைய பட்நாகர் பரிசு ஐந்து லட்சமாக இருந்தது. கூடவே 65 வயது வரை மாதம் 15,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்கார் வந்தபின் இளையவர் பிரிவுக்கு 'விஞ்ஞான் யுவா' என்று பெயர். பதக்கமும் சான்றிதழும் உண்டு, ரொக்கம் இல்லை. இன்போசிஸ் பரிசு ஒரு லட்சம் டாலர். காங்கேயத்தில் வீடு கட்டிவிடலாம். ஆனால் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பெரும் கஷ்டம் பரிசு இல்லாததால் வருவதல்ல. மாத உதவித்தொகை 37,000 என்று 2023இல் உயர்த்தினார்கள். அது மாதா மாதம் வந்து சேர்ந்தால் அதுவே பரிசு. நாலு மாதம் நின்று ஐந்தாம் மாதம் மொத்தமாக வந்த கதைகளை என் மாணவர்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்!

கேள்வி: குழந்தை பிறந்ததால் இரண்டு வருடம் ஆய்வகம் பக்கமே போகவில்லை. வயது வரம்பில் அந்த வருடங்களைக் கழிப்பார்களா?
(வாசகி, தாராபுரம்)

பதில்: சில இடங்களில் கழிப்பார்கள். ஐரோப்பிய ஆய்வுக் குழுவின் நிதியுதவித் திட்டங்களில், பட்டம் வாங்கிய பிறகான கால வரம்போடு, தாய்க்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் கூட்டிக் கொடுக்கிறார்கள். எந்த விதிமுறைத் தாளை எடுத்தாலும் 'வயது' என்ற வரியோடு நின்றுவிடாமல் அதற்கு அடுத்த இரண்டு வரியைப் படியுங்கள்; சலுகை அங்கேதான் பதுங்கியிருக்கும். ஒன்றும் எழுதவில்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டதற்காக யாரையும் நீக்கியதில்லை. இரண்டு வருடம் ஏன் கட்டுரை வரவில்லை என்பதை விண்ணப்பத்தில் ஒரே வரியில், மன்னிப்புக் கேட்காமல் எழுதுங்கள். "குழந்தை பிறந்தது" போதும்.

கேள்வி: நோபல் பரிசுக்கு வயது வரம்பு உண்டா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சத்தியமங்கலம்)

பதில்: இல்லை. மருத்துவத்தில் மிக இளையவர் இன்சுலினுக்காக 1923இல் வாங்கிய பாண்டிங், 32 வயது. மக்காச்சோளத்தில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களைக் கண்ட பார்பரா மெக்ளின்டாக் 1983இல் வாங்கும்போது 81. கண்டுபிடித்தது அதற்கு முப்பது நாற்பது வருடம் முன்னால்.

கேள்வி: டீச்சர், வெள்ளை ஈ என்பது ஈயே இல்லை என்று எங்கள் அண்ணன் சொல்கிறான். உண்மையா?
(ஆறாம் வகுப்பு மாணவி, அந்தியூர்)

பதில்: அண்ணன் சொல்வது சரி, சாமி. ஈக்கு இரண்டு சிறகு. வெள்ளை ஈக்கு நாலு. அசுவினி, மாவுப்பூச்சி எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள்; சமையலறை ஈ சொந்தமே இல்லை. நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். கொய்யா இலையைத் திருப்பினாலே கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கித் தரச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். காலை ஏழு மணிக்கு முன் போனால் அவ்வளவாகப் பறக்காது.